மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் பிரான்ஸ்: பகலில் சைக்கிள், இரவில் டென்ட்... கூட்டுப் பயணம் எப்படி நடக்கிறது?

ஜூலை மாதம் வந்தால் டூர் டி பிரான்ஸ் வீடியோக்கள் நம் போனை நிறைத்துவிடும். 23 நாட்கள், 21 கட்டங்கள், சுமார் 3,400 கி.மீ. தூரம். ஜெயிப்பவரின் சராசரி வேகமே மணிக்கு 40 கி.மீ.-யைத் தாண்டும்.

அதே மாதம், அதே நாட்டில், இன்னொரு கூட்டமும் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும். கேரியரின் இரண்டு பக்கமும் பை, அதற்கு மேல் சுருட்டிக் கட்டிய டென்ட். வேகம் மணிக்கு 15 கி.மீ. அந்தக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தம்பதி இருப்பார்கள், பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா இருப்பார், ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு வந்த நண்பர்கள் இருப்பார்கள். இரண்டு வாரத்தில் 900 கி.மீ. போய்விட்டு, திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குத் திரும்புவார்கள்.

‘அதெல்லாம் செம ஃபிட்டா இருக்கறவங்களால மட்டும்தான் முடியும்’ என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் இந்தப் பயணத்துக்குக் காலில் இருக்கும் பலத்தைவிட, அந்த நாடு செய்து வைத்திருக்கும் ஏற்பாடும், கூடப் போகிறவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடும்தான் முக்கியம். இரண்டையும் பார்க்கலாம்.

எந்த வழியாகப் போகிறார்கள்?

பிரான்ஸில் நெடுந்தூர சைக்கிள் பாதைகள் பல உண்டு. முதல்முறை போகிறவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது ‘லுவார் அ வேலோ’. அதாவது, ‘சைக்கிளில் லுவார்’. லுவார், பிரான்ஸின் மிக நீளமான ஆறு. நீளம் 1,000 கி.மீ.-க்குச் சற்று அதிகம். நாட்டின் நடுவே இருக்கும் நெவேர் நகரத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, அட்லாண்டிக் கடற்கரையில் இருக்கும் சான் பிரெவன் வரை, ஆற்றை ஒட்டியே சுமார் 900 கி.மீ. பாதை போகிறது. இதுவே ‘யூரோவேலோ 6’ என்ற பெரிய பாதையின் மேற்குப் பகுதி. அட்லாண்டிக் கரையில் கிளம்பும் அந்தப் பாதை, 10 நாடுகளைக் கடந்து ருமேனியாவின் கருங்கடல் கரையில்தான் முடிகிறது.

ஏன் இந்த வழி? மேடு பெரிதாக இல்லை. நெவேர் பக்கம் ஆறு கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைவான உயரத்தில்தான் ஓடுகிறது. அந்த உயரம் 900 கி.மீ. தூரத்தில் மெல்ல மெல்லக் குறைகிறது. பல இடங்களில் பாதை, வெள்ளத்தைத் தடுக்க இடைக்காலத்திலிருந்து கட்டப்பட்டு வந்த கரைகளின் மேலேயே போகும். ஒரு பக்கம் ஆறும் மணல் திட்டும், மறுபக்கம் வயலும் ஊரும்.

வழியில் பார்க்க நிறைய இருக்கிறது. பிரியார் ஊரில் ஒரு கால்வாய், பாலத்தின் மேல் ஏறி ஆற்றைக் கடக்கிறது. 662 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 1896-ல் திறக்கப்பட்டது. தூண் வேலையில் ஈஃபிலின் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. கீழே ஆறு ஓட, மேலே படகு போகும். ஆம்புவாஸ் ஊரில்தான் லியோனார்டோ டாவின்சி 1519-ல் இறந்தார். அதே ஆண்டில் ஷாம்போர் அரண்மனை வேலை தொடங்கியது. சோமூர் பக்கம் போனால் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த குகை வீடுகள். சில குகைகளில் காளான் வளர்க்கிறார்கள். சுலி முதல் ஷலோன் வரையிலான பள்ளத்தாக்கை 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

விளம்பரப் படங்களில் வராத காட்சியும் உண்டு. இதே ஆற்றங்கரையில் நான்கு அணுமின் நிலையங்கள் இருக்கின்றன. திராட்சைத் தோட்டம் முடிந்து திரும்பினால், பிரம்மாண்டமான குளிர்விக்கும் கோபுரங்கள் எதிரே நிற்கும்.

எந்தத் திசையில் போவது என்பதை மட்டும் யோசித்து முடிவு பண்ணுங்க. கையேடுகள் பெரும்பாலும் கடலை நோக்கிப் போகச் சொல்கின்றன. ஆனால் இந்தப் பக்கம் காற்று அதிகம் வீசுவது மேற்கிலிருந்து, அதாவது கடல் பக்கமிருந்து. கடலில் தொடங்கி உள்நாட்டுக்கு மிதித்தால் காற்று பல நாள் முதுகைத் தள்ளும். இரண்டு பக்கமும் பை கட்டிய சைக்கிளை எதிர்க்காற்றில் நாள் முழுக்க மிதிப்பது, சின்ன மேடு ஏறுவதைவிடக் கஷ்டம்.

இதெல்லாம் எப்போ ஆரம்பிச்சது?

பந்தயத்தில் ஓட்டாமல், ஊர் சுற்ற சைக்கிள் ஓட்டும் வழக்கத்துக்குப் பிரான்ஸில் ஒரு முன்னோடி உண்டு. பெயர் போல் தெ விவி (1853–1930). ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில்தான் பிரபலம். சான்-எத்தியென் நகரத்துக்காரர். 1887-ல் சைக்கிளுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். ‘பசிக்கும் முன் சாப்பிடு, களைத்து விழும் வரை மிதிக்காதே, வீம்புக்காக ஓட்டாதே’ என்பதுதான் அவர் சொன்ன அறிவுரைகளின் சாரம்.

பல கியர் வைத்த சைக்கிளுக்காக அவர் விடாமல் வாதாடினார். பந்தயக்காரர்கள் சிரித்தார்கள். டூர் டி பிரான்ஸ் 1903-ல் தொடங்கினாலும், இன்று நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் கியர் மாற்றும் அமைப்பை அங்கே அனுமதித்தது 1937-ல்தான். அதற்குள் ஊர் சுற்றுகிறவர்கள் அதைப் பல வருஷம் ஓட்டிப் பழகிவிட்டார்கள்.

பெரிய திருப்பம் 1936. லெயோன் புளும் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு ஆட்சிக்கு வந்தது. நாடு முழுக்க வேலைநிறுத்தம். அந்த ஜூன் மாதத்தில், தொழிலாளர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்று சட்டம் வந்தது. லெயோ லக்ரான்ஜ் என்ற இளம் துணை அமைச்சர், விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தைக் குறைக்க ஏற்பாடு செய்தார். அதுவரை கடலையே பார்க்காத குடும்பங்கள் கிளம்பின. கார் இல்லை, ஓட்டலுக்குக் காசு இல்லை. கையில் இருந்தது சைக்கிள். கணவனும் மனைவியும் ஒரே சைக்கிளில் முன்பின்னாக உட்கார்ந்து மிதிக்க, பின்னால் டென்ட் கட்டியிருக்கும் படம் அந்தக் காலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அந்த விடுமுறை 1956-ல் மூன்று வாரம், 1969-ல் நான்கு, 1982-ல் ஐந்து வாரம் என்று வளர்ந்தது. லீவு கிடைத்த பிறகுதான் தங்கும் இடம் வேண்டும், பாதை வேண்டும் என்ற கேள்வியே வந்தது. இரண்டு வாரம் சேர்ந்தாற்போல லீவு கேட்கவே யோசிக்கும் நமக்கு, இந்த வரலாற்றில் முதலில் கண்ணில் படுவது சைக்கிளாக இருக்காது!

இரவு எங்கே தங்குவார்கள்?

நெடுந்தூரப் பயணத்தைச் சாதாரண ஆட்களுக்கும் கட்டுப்படியாக்குவது ‘காம்பிங் முனிசிபால்’. ஊராட்சியே நடத்தும் முகாம் மைதானம். நம்ம ஊர் பஞ்சாயத்து மாதிரியான சின்ன அமைப்புகூட ஆற்றங்கரையில் ஒரு மைதானத்தை ஒதுக்கி, வெந்நீர்க் குளியலறை, கழிவறை, பாத்திரம் கழுவும் தொட்டி, குடிநீர்க் குழாய் எல்லாம் வைத்திருக்கும். கார் இல்லாமல் சின்ன டென்ட்டுடன் வரும் ஒருவருக்கு, இப்படிப்பட்ட பல இடங்களில் ஓர் இரவுக்கு 8 முதல் 15 யூரோ போல ஆகும்.

ஊராட்சிக்கு இதில் என்ன லாபம்? முகாமில் தூங்கும் 30 பேர் காலையில் அதே ஊரின் ரொட்டிக் கடைக்குத்தான் வருவார்கள். கூட்டம் குறைந்துகொண்டே வரும் கிராமத்தில், கோடைக்காலத்து அந்த 30 பேர் ஒரு கடை மூடாமல் இருக்கக் காரணமாகலாம். ஆனாலும் முகாமை நடத்தும் செலவைச் சமாளிக்க முடியாமல், சில ஊர்கள் அதைத் தனியாரிடம் கொடுத்துவிட்டன. அங்கே நீச்சல் குளமும் வாடகைக் குடிலும் வரும். டென்ட் போடும் புல்தரை சுருங்கும். அதனால் கிளம்பும் முன், போகிற ஊரில் இப்போது எந்த மாதிரி முகாம் இருக்கிறது, எந்த மாதம் வரை திறந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபரிலிருந்து வசந்தகாலம் வரை நிறைய முகாம்கள் மூடிக்கிடக்கும்.

‘அக்கேய் வேலோ’ என்ற பலகை மாட்டிய இடம் என்றால் இன்னும் நல்லது. சைக்கிள் பாதையிலிருந்து 5 கி.மீ.-க்குள் இருக்க வேண்டும், சைக்கிளைப் பத்திரமாக வைக்க இடம் வேண்டும், ரிப்பேர் சாமான் இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் அந்த அடையாளம் கிடைக்கும்.

‘எங்கேயாவது ஆற்றோரம் டென்ட் போட்டுக்கலாமே?’ கூடாது. கடற்கரை, பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகள், வரலாற்றுச் சின்னங்களின் சுற்றுப்புறம், குடிநீர் எடுக்கும் இடங்களின் அருகே முகாமிடத் தடை உண்டு. மற்ற இடங்களிலும் நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். திரும்பிய பக்கமெல்லாம் அரண்மனை இருக்கும் லுவார் பகுதியில் இந்தத் தடை நிறைய இடத்துக்குப் பொருந்தும். காட்டிலிருந்து 200 மீட்டருக்குள் தீ மூட்டவும் கூடாது.

இன்னொன்று, ஆற்றில் இறங்காதீர்கள். கோடையில் முழங்கால் தண்ணீர் போலத் தெரியும். ஆனால் மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஓரடி தள்ளினால் ஆழமும் சுழலும் இருக்கலாம். பல இடங்களில் குளிக்கத் தடை இருக்கிறது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

நாளைக்கு 60 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் 900 கி.மீ.-க்கு 15 நாள். மணிக்கு 15 கி.மீ. என்றால் மிதிக்கும் நேரம் 4 மணி நேரம்தான். ஆனால் காலை 8 மணிக்குக் கிளம்பும் குழு முகாமுக்குப் போய்ச் சேர மாலை 4 அல்லது 5 ஆகிவிடும். மீதி நேரம் எங்கே போகிறது? சாப்பாடு, தண்ணீர், போட்டோ, பங்க்சர், வழி தவறுவது, காத்திருப்பது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எட்டுப் பேர் போகிறீர்கள். ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றும்போது 5 நிமிஷம் நிற்கிறார். ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 40 நிமிஷம் போச்சு. அதனால் அனுபவசாலிகள் மணிக்கு ஒருமுறை, எல்லோரும் சேர்ந்து, 10 நிமிஷம் நிற்கிறார்கள்.

கிராமத்துக் கடைகள் மதியம் 12-லிருந்து 2 மணி வரை, சில ஊர்களில் அதற்கு மேலும் மூடியிருக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் எதுவும் கிடைக்காது. திங்கட்கிழமையும் பல கடைகள் லீவு. சனிக்கிழமையே இரண்டு நாள் சாமான் வாங்காத குழு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிஸ்கட் சாப்பிட்டுத் தூங்கும்.

தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடச் சொல்வார்கள் பழைய ஆட்கள். பூச்செடிக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். ‘ஓ நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் அது குடிக்கும் தண்ணீர் இல்லை, தலையை நனைத்துக்கொள்ளலாம்.

சைவக்காரர்களுக்குக் கிராமத்து ரெஸ்டாரன்ட்டில் சாய்ஸ் குறைவு. டென்ட் பயணத்தில் அந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும், சமைப்பது நாம்தானே! இதே லுவார் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் லெ புய் வட்டாரத்தில் விளையும் பச்சை மசூர் பருப்பு, பிரான்ஸ் முழுக்கப் பிரபலம். 1996-ல் அதற்கு அந்த ஊர்ப் பெயரோடு சட்டப் பாதுகாப்பே கிடைத்தது. அரிசி, பருப்பு, தக்காளி, வெங்காயம் எல்லாம் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். மிளகாய்த் தூள் மட்டும் வீட்டிலிருந்து எடுத்துக்கோங்க.

குழு எங்கே உடைகிறது?

சைக்கிள் உடைந்தால் சரிசெய்துவிடலாம். நெடுந்தூரக் கூட்டுப் பயணங்கள் பாதியில் நிற்பது பெரும்பாலும் ஆட்களால்தான். முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் உற்சாகம். மூன்றாவது, நான்காவது நாளில் ஒருவருக்கு முழங்கால் வலிக்கும், இன்னொருவருக்குத் தூக்கம் பத்தாது. வேகமானவர் முன்னால் போய்க் காத்திருப்பார். மெதுவாக வருகிறவர் வந்து சேர்ந்ததும் ‘சரி, போலாமா?’ என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்குத்தான் ஓய்வே கிடைக்காது. அவர் வாய் திறந்து சொல்லவும் மாட்டார். ஆறாவது நாள் அவர் ரயிலேறி வீட்டுக்குப் போய்விடுவார். நட்பு பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது.

இதைத் தடுக்க, கிளம்பும் முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டியவை:

* கடைசி ஆளின் வேகமே குழுவின் வேகம். அவர் வந்து சேர்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்கும்.
* திருப்பத்தில் நில். பாதை திரும்பும் ஒவ்வோர் இடத்திலும், பின்னால் வருகிறவர் உங்களைப் பார்க்கும் வரை நிற்க வேண்டும். இது ஒன்று இருந்தால் யாரும் தொலைய மாட்டார்கள்.
* கடைசியில் ஓர் அனுபவசாலி. பம்ப், டியூப், முதலுதவிப் பை அவரிடம். தினமும் ஆள் மாறலாம்.
* பொதுப் பணம் ஒரே இடத்தில். எல்லோரும் சமமாகப் போட்டு, முகாம் கட்டணமும் மளிகையும் அதிலிருந்து. ரொட்டிக்கும் காபிக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்தால் சண்டை நிச்சயம்.
* பொதுச் சுமையைப் பங்கு போடுங்கள். அடுப்பு, பாத்திரம், டென்ட் எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆளின் சுமை 15 கிலோ வரை வந்துவிடும். வலுவானவர் கூடுதலாகச் சுமந்தால் வேக வித்தியாசமும் தானாகக் குறையும்.
* நான்கைந்து நாளுக்கு ஒரு முழு ஓய்வு. துணி துவைக்க, செயினுக்கு எண்ணெய் போட, சும்மா இருக்க.
* ரயில் ஏறுவது தோல்வி இல்லை. முடியாதவர் அன்றைய தூரத்தை ரயிலில் கடந்து, மாலை முகாமில் சேர்ந்துகொள்ளலாம்.

கடைசி விஷயத்துக்கு லுவார் பாதை ரொம்ப வசதி. ஆற்றை ஒட்டியே ஓர்லியன், புளுவா, தூர், ஆன்ஜே, நாந்த் என்று வரிசையாக ரயில் நிலையங்கள். வட்டார ரயில்களில் சைக்கிளை ஏற்றலாம். ஆனால் இடம் குறைவு. எட்டுப் பேரும் எட்டு சைக்கிளோடு ஒரே ரயிலில் ஏறலாம் என்று திட்டம் போடாதீர்கள். அதிவேக ரயிலில் போவதென்றால் முன்பதிவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சாலை விதிகள் என்ன சொல்கின்றன?

பாதை முழுக்கச் சைக்கிளுக்கு மட்டுமானது இல்லை. கிராமத்துச் சாலைகளில் கார், டிராக்டரோடு சேர்ந்துதான் போக வேண்டும்.

* வாகனங்கள் சாலையின் வலது பக்கம் போகும். முதல் நாள் காலை, தூக்கக் கலக்கத்தில் முகாமிலிருந்து வெளியே வரும்போதுதான் நம் கால் பழக்கத்தில் இடது பக்கம் போகும்.
* பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலது பக்கமிருந்து வருகிறவருக்கே முதலில் வழி. சின்னச் சந்திலிருந்து வந்தாலும் அப்படித்தான்.
* கார்கள் சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் 1 மீட்டர், ஊருக்கு வெளியே 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும்.
* இருவர் இணையாகப் போகலாம், மூவர் கூடாது. இருட்டிவிட்டாலோ, பின்னால் வரும் வண்டி முந்தப் போவதாகக் காட்டினாலோ ஒற்றை வரிசை. பெரிய குழுவானால் நான்கைந்து பேராகப் பிரிந்து, நடுவே இடைவெளி விட்டுப் போவது நல்லது.
* இரவிலும் வெளிச்சம் குறைந்தபோதும் ஊருக்கு வெளியே பளிச்சென்று தெரியும் மேல்சட்டை கட்டாயம்.
* 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2017-லிருந்து ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களுக்குக் கட்டாயம் இல்லை, ஆனா போட்டுக்கோங்க.
* மிதிக்கும்போது காதில் இயர்போன் கூடாது, கையில் போன் கூடாது.
* ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற மது வரம்பு சைக்கிளுக்கும் உண்டு. வழி நெடுக ஒயின் தோட்டம் என்பதால் இது ஞாபகம் இருக்கட்டும்.
* அவசர உதவிக்கு 112.

நம்ம ஊர்லேர்ந்து போகணும்னா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். எங்கே தங்கப் போகிறீர்கள் என்றும் காட்ட வேண்டும். ‘டென்ட் போட்டுக்குவோம்’ என்று மட்டும் எழுத முடியாது. முகாம் முன்பதிவுகளைச் சேர்த்து வைக்க வேண்டும்.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் பிரான்ஸே லீவில் இருக்கும். கூட்டம் அதிகம், வெயில் அலையும் வரலாம். கேஸ் சிலிண்டரை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். திருகும் வகையும் பொருத்தும் வகையும் வேறு வேறு என்பதால் அடுப்புக்குப் பொருந்துவதைப் பார்த்து வாங்குங்கள். பாதையோர நகரங்களில் சைக்கிள் வாடகைக்கும் கிடைக்கிறது.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற பெயரை நம்ம ஊர் சைக்கிள் குழுக்களில் கேட்டிருப்பீர்கள். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, 1,200 கி.மீ.-யை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய சவால் அது. இந்தியர்களும் போகிறார்கள். அதற்குத் தகுதிச் சுற்றுகள் உண்டு, தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டும். லுவார் பயணத்துக்கு அப்படி எதுவும் தேவையில்லை.

தேவைப்படுவது ஓர் ஒத்திகை. கூடப் போகப் போகும் அதே ஆட்களோடு, அதே பையைக் கட்டிக்கொண்டு, இங்கேயே இரண்டு இரவு எங்காவது தங்கிவிட்டு வாருங்கள். மூன்றாவது நாள் காலை, உடம்பு வலியோடு எழுந்திருக்கும்போது, குழுவில் கடைசியாக வருகிறவரைப் பார்த்து மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். ‘இன்னிக்கு எவ்வளவு தூரம் போலாம்னு நீயே சொல்லு’ என்றால் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.